மகாசுவேதா தேவியின் வாழ்க்கைக் கட்டுரையை எழுதுவது எப்படி?

வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியைப் பற்றிக் கல்லூரி மலருக்கோ நூலகக் கூட்டத்துக்கோ கட்டுரை எழுத முனைவோர், பெரும்பாலும் அதை இலக்கியப் பணி, சமூகப் பணி என்று இரண்டாகப் பிரித்து, விருதுப் பட்டியலோடு முடித்துவிடுகிறார்கள். அப்படிப் பிரித்தால் அவருடைய வாழ்க்கையின் உயிர்நாடியே விடுபட்டுப்போகும். அவர் எந்த மக்களைப் பற்றிக் கதை எழுதினாரோ, அதே மக்களுக்காகத்தான் அரசு அலுவலகங்களுக்கு மனு எழுதினார், நாளிதழ்களில் கட்டுரை எழுதினார், நீதிமன்றத்தையும் நாடினார்.

பிறப்பையும் குடும்பத்தையும் ஒரே பத்தியில் முடித்துக்கொள்ளுங்கள். 1926 ஜனவரி 14 அன்று டாக்காவில் பிறந்தார், தந்தை மணீஷ் கட்டக் கவிஞர், சிற்றப்பா ரித்விக் கட்டக் திரைப்பட இயக்குநர், சாந்திநிகேதனில் படித்தார், 1947இல் நாடகக் கலைஞர் பிஜன் பட்டாச்சார்யாவை மணந்தார். இதற்கு மேல் வளர்த்தால், முக்கியமானவற்றுக்கு இடமிருக்காது.

அடுத்து, அவர் செய்திகளைத் திரட்டிய முறையைக் காட்டுங்கள். ஜான்சி ராணியைப் பற்றி 1956இல் வெளிவந்த முதல் நூலுக்காக, ஏடுகளை மட்டும் நம்பாமல் புந்தேல்கண்ட் பகுதிக்கே சென்று, மக்கள் வாயில் வழங்கிய பாடல்களையும் கதைகளையும் சேகரித்தார். பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் எழுச்சியைச் சொல்லும் ‘ஆரண்யேர் அதிகார்’ நாவலுக்கு 1979இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது என்று எழுதுவதோடு நின்றுவிடாமல், காட்டின் மீதான உரிமையே அந்த எழுச்சியின் வேர் என்பதையும் விளக்குங்கள். தமிழில் கிடைக்கும் அவருடைய ‘1084இன் அம்மா’ நாவலை, கட்டுரை எழுதத் தொடங்குமுன் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

‘பர்த்திகா’ இதழுக்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள். தந்தை நடத்திவந்த அந்த இதழை 1980 முதல் மகாசுவேதா தேவி ஏற்று நடத்தி, உழவர்கள், பழங்குடியினர், ரிக்‌ஷாத் தொழிலாளர்கள் ஆகியோர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதும் இடமாக மாற்றினார். ஒருநாள் அவர் ஏறிய ரிக்‌ஷாவை ஓட்டியவர், தாம் படித்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். அவரையே தம் இதழுக்கு எழுதச் சொன்னார் மகாசுவேதா. பிற்காலத்தில் புகழ்பெற்ற தலித் எழுத்தாளராக உயர்ந்த மனோரஞ்சன் வியாபாரிதான் அவர். பிறரைப் பற்றி எழுதுவதை விடப் பிறரை எழுத வைப்பது அரிய தொண்டு என்றே நான் கருதுகிறேன். ஆகவே இந்த நிகழ்ச்சியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

கட்டுரையின் பெரும்பகுதி மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்துக் கேடியா சபர் பழங்குடி மக்களுக்கு உரியதாக இருக்கட்டும். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நீக்கப்பட்ட பிறகும் ‘பிறவிக் குற்றவாளிகள்’ என்று அது அவர்கள் மீது குத்திய முத்திரை எப்படி அழியாமல் நின்றது என்பதை முதலில் விளக்கிவிட்டு, 1998 பிப்ரவரிக்கு வாருங்கள். அப்போது புதன் சபர் என்னும் சபர் இளைஞர், போலீஸார் கைது செய்த பின் காவலில் இறந்தார்; அது தற்கொலை என்று கூறப்பட்டது. ஊரார் வைக்கோல் உருவத்தை எரித்துவிட்டு, உண்மையான உடலை வீட்டுக்குள்ளேயே புதைத்துக் காத்ததால்தான் மறு பிரேதப் பரிசோதனை செய்ய முடிந்தது. மகாசுவேதா தேவி துணைநின்ற சபர் நலச் சங்கம் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. புதனின் மனைவிக்கு இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு, மொழி ஆய்வாளர் கணேஷ் தேவி முதலியோருடன் சேர்ந்து சீர்மரபினர் உரிமைக்கான அமைப்பொன்றையும் அவர் தொடங்கினார்.

இந்தப் பகுதியை எழுதும்போது மொழியில் மிகுந்த கவனம் வேண்டும். ‘சபர்களின் தாய்’ என்ற பட்டத்தைச் சொல்லலாம். ஆனால் அவர் ஒருவரே அனைத்தையும் செய்தார் என்று படும்படி எழுதினால், உயிரைப் பணயம் வைத்து உடலைக் காத்த ஊர்மக்கள் வெறும் பயனாளிகளாகச் சுருங்கிவிடுவார்கள். “மீட்டார்”, “வாழ்வளித்தார்” போன்ற வினைகளை நீக்கிவிட்டு, யார் என்ன செய்தார் என்பதை எழுவாயோடு எழுதுங்கள்.

1996ஆம் ஆண்டின் ஞானபீடம், 1997இன் மகசேசே, 2006இன் பத்ம விபூஷண் ஆகியவற்றுக்கு ஒரே வாக்கியம் போதும். அவர் 2016 ஜூலை 28 அன்று கொல்கத்தாவில் காலமானார். கட்டுரையை முடித்ததும் ஆண்டுகளையும் வங்கப் பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை சரிபார்த்து, ஒரே பெயர் எல்லா இடங்களிலும் ஒரே வடிவில் வருகிறதா என்று பார்த்த பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.