கியர் இல்லாத சைக்கிள்: செயின், ஃப்ரீவீல் மாற்ற என்ன வாங்குவது, எப்படி மாட்டுவது

கியர் இல்லாத சைக்கிளில் பார்ட்ஸ் குறைவு, விலையும் குறைவு. அப்படியும் முதல்முறை தானே வேலை பார்க்கிறவர்கள் பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு இன்னொரு நடை போவது சகஜம். காரணம், அளவெடுக்காமல் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது. ராடு பிரேக் வைத்த ஹீரோ, அட்லஸ், ஹெர்குலிஸ் வகைப் பெரிய சைக்கிளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கம்பெனி எது என்பது இங்கே பெரிய விஷயமில்லை. அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் அளவுகள் பொதுவானவை என்பதால் அந்த வண்டிக்கும் செயின், ஃப்ரீவீல் (பின் வீலில் செயின் ஓடும் பல்சக்கரம்) தாராளமாகக் கிடைக்கும்.

அளவு எடுங்கள்

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். பெரிய சைக்கிளில் 28 × 1½ என்றும், சில டயர்களில் கூடவே 40-635 என்றும் இருக்கும். 635 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். "26 இஞ்ச்" என்று மட்டும் கேட்டால்தான் வம்பு. 26 × 1⅜ டயருக்கு அது 590, மவுண்டன் பைக் வகை 26 × 1.95 டயருக்கு 559. ஒன்று மற்றதன் ரிம்மில் ஏறாது.

அடுத்து பற்களை எண்ணுங்கள். முன்னால் 44 அல்லது 48 பல் செயின் வீல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல் என்பது பரவலான ஜோடி. 44-க்கு 18 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் போகும். மூட்டை ஏற்றுகிறவர்கள், மேடான ஊரில் ஓட்டுகிறவர்கள் 20 பல் போட்டுக்கொள்ளலாம்: ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டர்தான், ஆனால் மிதிப்பது இலகு.

செயின் தேய்ந்துவிட்டதா?

இஞ்ச் குறியுள்ள ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புது செயினில் அங்கிருந்து (பூஜ்யத்தில் உள்ள பின்னைச் சேர்க்காமல்) 24-வது பின் சரியாக 12 இஞ்ச் கோட்டில் நிற்கும். கோட்டைத் தாண்டி 1/16 இஞ்ச் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 இஞ்ச் போயிருந்தால் ஃப்ரீவீலும் சேர்ந்து போக வேண்டியதுதான். செலவு மிச்சம் என்று பழைய ஃப்ரீவீலில் புது செயின் போட்டால், எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பல் தாண்டும். காலில் அடிபடுவது அப்போதுதான். செயின் வீல் பற்கள் கொக்கிபோல வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டியது

செயின் 1/2 × 1/8 (பின்னுக்குப் பின் அரை இஞ்ச், உள் அகலம் 1/8 இஞ்ச்). கியர் சைக்கிள் செயின் ஒல்லி, 1/8 பல்லில் உட்காராது. செயின் லாக் (செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் கிளிப் வைத்த கண்ணி) ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள், தொலைகிற சாமான் அது. பின் வீல் ஹப்பையும் (வீலின் நடுக் குடம்) பிரிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்குள் உருளும் 1/4 இஞ்ச் பால்ஸ் (இரும்புக் குண்டுகள்), பக்கத்துக்கு 9 வீதம் 18. எல்லாமே புதிதாகப் போடுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பாரம் முழுக்கப் பெரிய பால்ஸ் மேல் விழும்.

டூல்ஸில் காசு போட வேண்டியது இரண்டில்: அக்சில் (வீலின் அச்சு) நட்டுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 15 மி.மீ.), ஃப்ரீவீல் கழற்றி. ஃப்ரீவீலில் இரண்டு வெட்டா, நான்கு வெட்டா என்று பார்த்து அதற்கேற்ற கழற்றியை வாங்குங்கள். செயின் கட்டர் சாதாரணமானதே போதும். ஸ்க்ரூ ஸ்பேனரால் நட்டைத் திருகினால் முனை மழுங்கும். பிறகு உளியும் சுத்தியலும்தான் கதி.

மாற்றும் முறை

1. செயின் கவரையும் செயின் லாக்கையும் கழற்றி, பின் வீலை எடுங்கள்.

2. கழற்றியை ஃப்ரீவீல் வெட்டில் பொருத்தி, நழுவாமல் இருக்க அக்சில் நட்டை மேலே லேசாக முடுக்குங்கள். கழற்றியை வைஸில் கடிக்கவிட்டு வீலை இடப்பக்கமாகச் சுற்றுங்கள். இளகிய உடனே நட்டைத் தளர்த்திவிட வேண்டும். மறந்து தொடர்ந்து சுற்றினால் அக்சில் மரை போய்விடும்.

3. ஹப் மரையில் கிரீஸ் தடவி, புது ஃப்ரீவீலைக் கையாலேயே ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். பலவந்தம் செய்தால் ஹப்பே பாழ். மிதிக்க மிதிக்கத் தானாக இறுகிவிடும்.

4. புது செயினை வெட்டும்போது பழையதன் பக்கத்தில் நீட்டி வைத்து அளக்காதீர்கள். பழையது தேய்ந்து நீண்டிருக்கும். கண்ணிகளை எண்ணி வெட்டுங்கள்.

5. செயின் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எங்காவது உரசும்போது கழன்று விழும்.

6. வீலைப் பின்னுக்கு இழுத்து செயினை இறுக்குங்கள். கீழ்ச்செயினின் நடுவில் மேலும் கீழுமாகச் சேர்த்து அரை இஞ்ச் ஆட்டம் இருக்கட்டும். செயின் வீல் துல்லியமான வட்டமாக இருப்பது அபூர்வம், அதனால் பெடலைச் சுற்றி, எங்கே அதிகமாக இறுகுகிறதோ அங்கே அளந்து பாருங்கள். ஆட்டமே இல்லையென்றால் பெடல் கனக்கும், பால்ஸ் சீக்கிரம் தேயும்; அதிகமானால் பள்ளத்தில் இறங்கும்போது செயின் கழலும்.

7. ரிம்முக்கும் ஃப்ரேமின் இருபக்கக் கம்பிகளுக்கும் இடைவெளி சமமாக இருக்கும்படி நட்டுகளை மாறி மாறி முடுக்குங்கள்.

எண்ணெய்க்குத் தையல் மெஷின் ஆயில் போதும்: ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். பைக்கில் வடித்த வேஸ்ட் ஆயில் வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கும். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும்.

ஓட்டிப் பார்க்கும் முன் பின் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். வீல் நகர்ந்ததால் பிரேக் கட்டை ரிம்மில் பழைய இடத்தில் பதியாது. இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் தொடும்படி ராடு நட்டைச் சரிசெய்துவிட்டு ஏறுங்கள்.