உலகப் பொதுவளங்களை ஆள்வதில் ஒரு நாட்டின் செல்வாக்கைக் கணிப்பது எப்படி?

வாய்க்கால் ஊருக்கெல்லாம் பொது என்றாலும், மதகுப் பலகையை யார், எந்த நாளில், எத்தனை சாண் தூக்குவது என்று முடிவாகும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே வயல் நனைவதும் காய்வதும் அமையும். முறைப்பாசனக் காலத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை ஊர்களில் இரவெல்லாம் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழ்கடல், அண்டார்டிகா, விண்வெளி ஆகிய உலகப் பொதுவளங்களைப் பற்றிக் கட்டுரை எழுதவிருக்கும் டெல்டா மாவட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த அறிவோடு தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பொருளைச் சுருக்குங்கள். ‘கடல் ஆளுகையில் இந்தியாவின் செல்வாக்கு’ என்பது ஒரு கட்டுரைக்குள் அடங்காது. நாகப்பட்டினத்து விசைப்படகு தேடிப் போகும் சூரை மீனுக்கு விதி வகுப்பது இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம். நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடல்தரைக் கனிமங்களுக்குப் பொறுப்பு ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் இயங்கும் சர்வதேசக் கடற்படுகை ஆணையம். ஓர் அமைப்பையும் அது எடுத்த ஒரு முடிவையும் மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள்.

அடுத்து, அந்த அமைப்பின் நடைமுறை விதிகளை வாசியுங்கள். பெரும்பாலோர் தாண்டிப்போவது இந்தப் பகுதியைத்தான். ஆனால் மதகு இருப்பது இங்கேதான். கடற்படுகை ஆணையத்தின் 36 உறுப்பினர் மன்றத்தில் எல்லா நாட்டுக்கும் ஒரே வாக்கு என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். கருத்தொற்றுமை ஏற்படாமல் முக்கியமான விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அது கிடைத்தாலும், கனிமங்களை அதிகம் வாங்கும் நாடுகள், அதிகம் முதலீடு செய்த நாடுகள், அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடுகள் என்று தலா நான்கு இடங்கள் கொண்ட பிரிவுகளில் ஏதேனும் ஒன்றின் பெரும்பான்மை எதிர்த்தால் முடிவு நின்றுவிடும். அதாவது மூன்று நாடுகள் சேர்ந்தால் மற்ற அனைவரையும் தடுக்க முடியும். ஆகவே ஒரு நாடு எந்தப் பிரிவில் அமர்ந்திருக்கிறது என்பதைக் கண்டறியாமல் அதன் பலத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

அந்த இருக்கை எந்த விலைக்குக் கிடைத்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். இந்தியாவின் கவேஷணி கப்பல் 1981 ஜனவரியில் அரபிக்கடலின் அடியிலிருந்து கனிம உருண்டைகளை எடுத்தது. 1987இல் இந்தியா முன்னோடி முதலீட்டாளராக, அதாவது கடல்தரைக் கனிம ஆய்வில் முந்திப் பணம் போட்ட நாடாக, பதிவு பெற்றது. இன்று மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில், தமிழ்நாட்டின் பாதியைவிடப் பெரிய பரப்பில், ஆய்வுரிமை வைத்திருக்கிறது. அண்டார்டிகாவிலும் இதே கதைதான். அங்கே கணிசமான அறிவியல் பணி செய்யும் நாட்டுக்கே முடிவெடுக்கும் உரிமை உண்டு என்பது 1959 உடன்படிக்கையின் ஏற்பாடு. 1981இல் முதல் பயணக் குழுவை அனுப்பிய இந்தியா 1983இல் அந்த உரிமையைப் பெற்றது.

பணமும் கப்பலும் மட்டுமே செல்வாக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1967இல் மால்ட்டா என்ற சிறு தீவு நாட்டின் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா. பொதுச்சபையில் ஆற்றிய உரை, கடல்தரை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்ற கருத்தை முன்வைத்தது. அது 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையின் 136ஆம் பிரிவில் சட்டமாயிற்று. இத்தகைய தடத்தைப் பிடிக்க, வரைவுகளை வரிசையாக அடுக்கி ஒப்பிடுங்கள். உடன்பாடு எட்டாத சொற்கள் வரைவில் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். எந்த அடைப்புக்குறி எந்தக் கூட்டத்தில் நீங்கியது, அதற்கு முன் யார் எழுத்துமூலம் முன்மொழிந்தார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின் வெளியிடும் அன்றாடக் கூட்டச் சுருக்கங்கள் இதற்கு நல்ல துணை. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

வெளியே நிற்பவரையும் கணக்கில் சேருங்கள். அமெரிக்கா 1982 உடன்படிக்கையில் இன்னும் உறுப்பினராகவில்லை. ஆனாலும் அதுவும் பிற தொழில்வள நாடுகளும் எதிர்த்த கடல்தரை விதிகள் 1994 ஒப்பந்தத்தின் வழியே மாற்றப்பட்டன. சூரை மீன் ஆணையத்திலோ, நிறைவேறிய தீர்மானத்துக்கு 120 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கும் உறுப்பு நாட்டை அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. விலகி நிற்க முடிவதும் ஒரு பலமே.

தூதுக்குழுப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்: ஒரே நிபுணர் ஆண்டுதோறும் வருகிறாரா, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறதா என்பது போதும், அந்த நாடு அங்கே எவ்வளவு ஊன்றி நிற்கிறது என்று புரிய.

எழுதும்போது, அந்த நாடு கூட்டத்தில் பேசியதையும் அதன் பேச்சால் விதி மாறியதையும் தனித்தனிப் பத்திகளில் வையுங்கள். இரண்டாவதற்குச் சான்று கிடைக்காவிட்டால் அப்படியே எழுதுங்கள். சூரை மீனை எடுத்துக்கொண்டவர்கள், தீர்மானத்தின் அச்சுப்பிரதியோடு ஒருநாள் அதிகாலையில் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்குச் சென்று, தூண்டில் படகுக்காரர்களிடம் எவ்வளவு தொலைவு போகிறார்கள், எந்த அளவு மீன் ஏறுகிறது, இந்த விதியைப் பற்றி யாராவது தங்களிடம் கேட்டார்களா என்று விசாரித்து, அவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள்.