வீட்டிலேயே லேப்டாப்பைத் திறக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் இரண்டு மாடி கீழே இருக்கும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனோடு வந்து கதவைத் தட்டினார். கையில் லேப்டாப். "தம்பி, இதுல டச்பேட் அமுங்கவே மாட்டேங்குது. இவன் வீடியோ பார்த்துப் புது டச்பேட் வரவழைச்சிட்டான், ஸ்க்ரூவும் கழட்டிட்டான், மூடிதான் வரமாட்டேங்குது." மேசையில் வைத்துப் பார்த்தேன், நாலு மூலையும் சரியாக உட்காராமல் ஆடியது. அப்போதே தெரிந்துவிட்டது. டச்பேடில் ஒரு கோளாறும் இல்லை, அதற்கு நேர் கீழே இருக்கும் பேட்டரி வீங்கி அடியிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது. பையன் மூடி இடுக்கில் விட்டு நெம்பியது சமையலறைக் கத்தி. அந்த முனை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

நான் பார்த்தவரைக்கும் வீட்டு ரிப்பேரில் பொருள் சாவது பழைய கோளாறால் இல்லை, நாம் திறந்த விதத்தால்தான். அதிலும் முதல் தவறு, எது பழுது என்று பார்ப்பதற்கு முன்பே பாகத்தை வாங்கிவிடுவது. சார்ஜ் ஏறவில்லையா, வேறு கேபிள், வேறு அடாப்டர், வேறு பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், போனாக இருந்தால் சார்ஜிங் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சட்டைப்பையின் பஞ்சு கெட்டியாக அடைத்துக்கொண்டிருப்பது ரொம்ப சகஜம். திரை கறுப்பாக இருக்கிறதா, லேப்டாப்பை டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் மதர்போர்டு பெரும்பாலும் நலம். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள், மங்கலாகப் படம் தெரிந்தால் திரை உயிரோடுதான் இருக்கிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம்.

வீங்கிய பேட்டரி விஷயத்தில் மட்டும் துளியும் விளையாடக் கூடாது. உள்ளே ரசாயனம் சிதைந்து வாயு உண்டாகித்தான் அது உப்புகிறது. குத்தினால், மடக்கினால், அழுத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்து இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ளும், சூடு ஏறும், அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கிளப்பும், பிறகு தீ. ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். வீக்கம் கண்ணில் பட்டதும் சார்ஜரைப் பிடுங்குங்கள், மெஷினை அணையுங்கள், அதற்கு மேல் ஒரு தடவைகூடச் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி ஸ்க்ரூவால் மட்டும் பிடித்திருந்தால் கழற்றிவிடலாம். பசையால் ஒட்டியிருந்தால் நெம்பாமல் கடைக்குக் கொண்டுபோங்கள், அந்தக் கூலி கொடுக்கத் தகுந்த கூலி. கழற்றியதைக் குப்பை ஷூட்டில் போடவே கூடாது, பத்து மாடி உயரத்திலிருந்து விழுகிற பேட்டரி கீழே காகிதக் குப்பையின் நடுவில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. நீல நிற மறுசுழற்சித் தொட்டியும் அதற்கான இடம் இல்லை. 2021 ஜூலையிலிருந்து நாடு முழுக்க மின்கழிவுத் திட்டம் இருக்கிறது, பேரங்காடிகளில் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள், ஆனால் வீங்கியதை அந்தத் தொட்டியிலும் தள்ளிவிடாமல், முனைகளில் டேப் ஒட்டி, ஆள் இருந்து வாங்கிக்கொள்ளும் இடத்தில் கையில் கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. புகை வர ஆரம்பித்துவிட்டால் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து தீயணைப்புக்கான 995-ஐக் கூப்பிடுங்கள்.

பேட்டரி நல்லதாகவே இருந்தாலும் மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரைக் கழற்றுவது. "நான்தான் ஆஃப் பண்ணிட்டேனே" என்பார்கள். ஆஃப் செய்தாலும் மதர்போர்டின் சில பகுதிகளில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், இல்லாவிட்டால் பவர் பட்டனை அழுத்தியது அதற்கு எப்படித் தெரியும்? இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் திரை மாற்றியபோது பேட்டரியைக் கழற்றாமல் திரைக் கேபிளைச் செருகினேன், அது அரை மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்தது. அந்தக் கனெக்டரில் பின்விளக்குக்கான அதிக வோல்ட் முனை மற்ற முனைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு சத்தம் இல்லை, பொறி இல்லை, மதர்போர்டில் எள்ளளவு ஃபியூஸ் ஒன்று போய்விட்டது, புதுத் திரையும் இருட்டாகவே இருந்தது. பத்து விநாடி வேலையை விட்டதற்கு ஒரு மதர்போர்டு.

ஸ்க்ரூவுக்கு வருவோம். கழற்றியதையெல்லாம் ஒரே கிண்ணத்தில் போடுவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், நீளம் வேறு. போனில் குட்டை ஸ்க்ரூவின் துளையில் ஒரு மில்லிமீட்டர் நீளமானதை முறுக்கினால் அது அடியில் இருக்கும் போர்டுக்குள் இறங்கி, மயிரிழை போன்ற செம்புத் தடங்களை அறுத்துவிடும், பிறகு அதை ஒட்டுவதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும். ஏ4 தாளில் மெஷினின் வடிவத்தை வரைந்து, இருபக்கம் ஒட்டும் டேப் போட்டு, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே ஒட்டி வையுங்கள். ஸ்க்ரூடிரைவரும் பொருத்தமாக இருக்க வேண்டும்: பெரும்பாலான லேப்டாப்புக்குக் கூட்டல் குறி முனை கொண்ட பிஎச்0 அல்லது பிஎச்00, சிலவற்றுக்கு டி5 நட்சத்திர முனை, மேக்புக் அடிமூடிக்கு ஐந்து இதழ் கொண்ட பி5. கிட்டத்தட்டப் பொருந்தும் முனையை வைத்து முறுக்கினால் தலை வழுக்கிப்போகும். மூடி வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், ரப்பர் காலுக்கு அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ இன்னும் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். நெம்புவதற்குக் காலாவதியான ஈஸிலிங்க் பயண அட்டை போதும், கத்தி வேண்டவே வேண்டாம்.

ரிப்பன் கேபிளைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கீபோர்டிலிருந்து வரும் அந்தத் தட்டையான நாடா கனெக்டருக்குள் போகும் இடத்தில் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு சின்ன நாக்கு படுத்திருக்கும். அதை நகத்தால் மெதுவாக நிமிர்த்தினால் நாடா தானாகத் தளர்ந்து வரும். நிமிர்த்தாமல் இழுத்தால் நாக்கு உடையும், இல்லை நாடா கிழியும். எல்லாம் ஒரே பக்கம் நிமிராது, சிலதில் நாக்கு எதிர்ப்பக்கம் இருக்கும், சிலது நிமிரவே நிமிராது, வெளியே சறுக்கும். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுத் தொடுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அரிசி. நனைந்த போனை அரிசி டப்பாவில் புதைக்கும் பழக்கம் நம் வீடுகளில் போகவே மாட்டேன் என்கிறது. அரிசி உள்ளே இருக்கும் தண்ணீரை இழுக்காது, அதன் துகள்தான் துளைக்குள் போகும், ஆப்பிள் நிறுவனமே 2024-இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. லேப்டாப்பில் கோப்பி கொட்டினால் இன்னும் மோசம், கொட்டியது வெறும் தண்ணீர் இல்லை, சர்க்கரையும் பாலும் சேர்ந்தது. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர் அடிக்காதீர்கள், சூடான காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். பேட்டரியைக் கழற்றி, போர்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். "காஞ்சிருச்சு, வேலை செய்யுது" என்று அப்படியே விட்டால், நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அந்தக் கறை பச்சைப் பூசணமாக முனைகளை அரித்து, இரண்டு வாரம் கழித்து ஒருநாள் மெஷின் ஆன் ஆகாது.

தூசி போக விசிறியில் காற்று அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் போய்விடும். சிப்பின் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பயறு அளவு வைத்தால் போதும். அதே வேலைக்கான தடித்த தெர்மல் பேடு இருந்த இடத்தில் பேஸ்ட் வைக்காதீர்கள், அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

அடாப்டரை மட்டும் திறக்கவே வேண்டாம். நம் 230 வோல்ட் உள்ளே போய் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்சாரமாகக் கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கலாம். புதிதாக வாங்குங்கள், வோல்ட் அதேதானா, ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கிறதா, சேஃப்டி மார்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத மெஷின் என்றால் திறக்காதீர்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பரிலிருந்து இருக்கும் லெமன் சட்டப்படி, பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும், நீங்கள் ஸ்க்ரூவில் கை வைத்துவிட்டால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். திறப்பதென்று முடிவு செய்தால் முதலில் படங்கள், கோப்புகள் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் எடுங்கள், விண்டோஸ் என்றால், கோப்புகளைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். தனியாகச் செய்யப் பயமாக இருந்தால், 2014-இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் இருக்கிறது, தொண்டூழியர்கள் உங்களையே பக்கத்தில் உட்காரவைத்துப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அக்கா வீட்டு லேப்டாப்பில் பேட்டரி ஸ்க்ரூவால்தான் பிடித்திருந்தது. கழற்றி எடுத்ததுமே டச்பேட் 'டிக்' என்று அமுங்கியது. புதுப் பேட்டரி வந்த அன்று பையனையே மாட்டச் சொன்னேன். மூடியை வெறுமனே வைத்து, ஆன் செய்து, கீபோர்டு, வைஃபை, கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ போடச் சொன்னேன். எல்லாம் முறுக்கி முடித்த பிறகு தாளில் ஒன்று மிச்சம் இருந்தது. "பரவாயில்லண்ணே, ஒண்ணுதானே" என்றான். மறுபடி மூடியைக் கழற்றினோம், விசிறியின் இடது மூலையில் ஒரு துளை காலியாக இருந்தது.