வேலை வந்ததா, போனதா: வர்த்தக ஒப்பந்தம் பற்றிய கட்சிப் பேச்சை எடைபோடும் முறை

அமெரிக்கத் தேர்தல் காலத்தில் தடையற்ற வர்த்தகம் பற்றிய வாதத்தைக் கேட்பவரிடம் இரண்டு எண்கள் வந்து சேரும். ஒப்பந்தத்தால் உண்டான வேலைகள் இத்தனை என்று ஒரு தரப்பு சொல்லும். பறிபோன வேலைகள் இத்தனை என்று மறு தரப்பு சொல்லும். இரண்டுமே பொருளாதார வல்லுநர்களின் அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டவையாகத்தான் இருக்கும். எதை நம்புவது என்று கேட்பதைவிட, அந்த எண் எப்படிப் பிறந்தது என்று கேட்பது பயன் தரும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நாஃப்டா என்ற தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அதைச் செய்துபார்க்கலாம். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களின் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதத்துக்கு உயர்த்தியபோது திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் தவித்ததைப் பார்த்தவர்களுக்கு, வாஷிங்டனில் நடக்கும் இந்த வாதம் அயலூர்ச் சண்டையாகத் தோன்றாது.

கட்சிப் பெயரைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்

குடியரசுக் கட்சி வர்த்தகத்தை ஆதரிக்கும், ஜனநாயகக் கட்சி எதிர்க்கும் என்றோ, அதற்கு நேர்மாறாகவோ எண்ணிக்கொண்டு தொடங்கினால் முதல் அடியே தவறிவிடும். நாஃப்டாவில் 1992 டிசம்பரில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்). அதை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியவர் ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன். 1993 நவம்பர் 17 அன்று பிரதிநிதிகள் சபையில் 234 பேர் ஆதரித்தும் 200 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். ஆதரித்தவர்களில் 132 பேர் குடியரசுக் கட்சியினர். கிளின்டனின் சொந்தக் கட்சியிலிருந்து ஆதரவாக 102 வாக்குகளும் எதிராக 156 வாக்குகளும் விழுந்தன. 2008 பிரச்சாரத்தில் நாஃப்டாவைக் குறைகூறிய பராக் ஒபாமா அதிபரான பின், அவருடைய அரசு பசிபிக் கடல்கடந்த கூட்டு என்ற பல நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் 2016 பிப்ரவரியில் கையெழுத்திட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார்கள். பதவியேற்ற மூன்றாம் நாளே டொனால்டு டிரம்ப் அதிலிருந்து விலகினார்.

ஆகவே ஒரு கூற்றைக் கேட்டவுடன், பேசுபவர் அப்போது வேட்பாளரா, ஆட்சியில் இருப்பவரா, எந்தத் தொகுதியின் உறுப்பினர் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்சிக் கொள்கை சொல்லாத பலவற்றைத் தொகுதியில் இருக்கும் ஆலை சொல்லிவிடும்.

எண் பிறந்த கதையைக் கேளுங்கள்

இதுதான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி. ஒப்பந்தம் முதல் இரண்டு ஆண்டுகளில் 2 லட்சம் வேலைகளை உண்டாக்கும் என்று 1993-இல் கிளின்டன் கூறினார். மெக்சிகோவுடனான வர்த்தகப் பற்றாக்குறையால் (ஏற்றுமதியைவிட இறக்குமதி மிகுவதால்) 2010 வரை 6,82,900 வேலைகள் இடம்பெயர்ந்துவிட்டன என்று தொழிற்சங்கங்களுக்கு நெருக்கமான ‘பொருளாதாரக் கொள்கை நிறுவனம்’ என்ற ஆய்வு அமைப்பு 2011-இல் கணக்கிட்டது. ஒன்று ஆதரவாளர் கூற்று, மற்றது எதிர்ப்பாளர் கூற்று என்றாலும், இரண்டின் வேரிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே கருவி என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. குறிப்பிட்ட தொகைக்கு ஏற்றுமதி செய்தால் இத்தனை வேலை கூடும், அதே தொகைக்கு இறக்குமதி செய்தால் இத்தனை வேலை குறையும் என்று ஒரு விகிதத்தை வைத்து, வர்த்தக உபரியையோ பற்றாக்குறையையோ அதனால் பெருக்குவதே அந்தக் கருவி. ஆலை ஆலையாகச் சென்று யாரும் ஆட்களை எண்ணவில்லை.

இந்தக் கருவியின் பலவீனம் ஓராண்டிலேயே வெளிப்பட்டது. 1993-இல் மெக்சிகோவுடன் அமெரிக்காவுக்கு 170 கோடி டாலர் அளவுக்கு உபரி இருந்தது. 1994 டிசம்பரில் மெக்சிகோவின் பெசோ நாணயம் சரிந்ததும் அமெரிக்கப் பொருட்கள் அங்கே விலையேறி, மெக்சிகோப் பொருட்கள் அமெரிக்காவில் விலை மலிந்து, 1995-இல் அந்த உபரி சுமார் 1,580 கோடி டாலர் பற்றாக்குறையாக மாறியது. உபரியை நம்பி வேலை உண்டாகும் என்று சொன்ன அதே பெருக்கல், இப்போது வேலை பறிபோகும் என்று சொன்னது. நாணயச் சரிவின் பழியும் ஒப்பந்தத்தின் தலையில் விழுந்தது.

இன்னொரு கோளாறும் உண்டு. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் பொருட்களின் மதிப்பில், ஒரு டாலருக்கு ஏறத்தாழ 40 சென்ட் அமெரிக்காவிலேயே உருவானது என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கார் பாகங்கள் எல்லையைப் பலமுறை கடந்து முழுக்காராக வருவதே இதற்குக் காரணம். முழு இறக்குமதித் தொகையையும் வேலையிழப்பாக மாற்றுபவர் இந்த 40 சென்டை மறந்துவிடுகிறார். எனவே எந்த எண்ணைக் கேட்டாலும், அது எண்ணப்பட்டதா பெருக்கப்பட்டதா, போனதை மட்டும் சொல்கிறதா வந்ததையும் கழித்துச் சொல்கிறதா, ஒப்பந்தம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எதை அனுமானிக்கிறது என்று கேளுங்கள்.

ஆண்டுகளைச் சரிபாருங்கள்

நாஃப்டா தொடங்கியபோது அமெரிக்க உற்பத்தித் துறையில் சுமார் 1 கோடியே 68 லட்சம் பேர் வேலை செய்தனர். 2000-இன் தொடக்கத்தில் அது சுமார் 1 கோடியே 73 லட்சமாக இருந்தது; 2010-இன் தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 15 லட்சமாகச் சரிந்தது. 1994-க்கும் 2010-க்கும் கோடு இழுப்பவர் நாஃப்டாவைக் குற்றவாளி ஆக்கலாம். 1994-க்கும் 2000-க்கும் இழுப்பவர் அதற்கு மாலையும் போடலாம். பெரும் சரிவு வந்தது 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு. 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியின் போட்டியால் 20 முதல் 24 லட்சம் வேலைகள் வரை போயிருக்கலாம் என்று டேவிட் ஆட்டர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் கணக்கிட்டனர். மிச்சச் சரிவில் இயந்திரமயமாக்கலுக்கும் 2008 நிதி நெருக்கடிக்கும் பங்குண்டு.

நாட்டை விட்டு ஊருக்கு வாருங்கள்

ஆதரவாளர்கள் வழக்கமாக மறைப்பது இங்கேதான் இருக்கிறது. நாடு முழுவதற்கும் நாஃப்டாவின் விளைவு சிறியது என்ற முடிவுக்கே அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வு அமைப்புகள் வந்தன. அந்தச் சிறிய சராசரிக்குள் சில ஊர்கள் மூழ்கிப்போயின. 1990, 2000 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைக் கொண்டு ஹகோபியன், மெக்லாரன் என்ற பொருளியலாளர்கள் செய்த ஆய்வில், ஒப்பந்தத்தால் மிக அதிகம் தாக்கப்பட்ட தொழில்களில், பள்ளிப்படிப்பை முடிக்காத தொழிலாளர்களின் ஊதிய வளர்ச்சி, தாக்கப்படாத தொழில்களில் இருந்தவர்களுடையதைவிட 17 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. ஆலையில் வேலை செய்யாமல் அதே ஊரில் உணவகத்தில் பரிமாறியவரின் ஊதியமும் அடிபட்டது. ஆலை மூடினால் அங்கிருந்து வெளியேறியவர்களும் அதே உணவக வேலையைத் தேடி வருவார்கள் அல்லவா? என் கருத்தில் இந்த ஆய்வு, மேடையில் கேட்கும் எந்த மொத்த எண்ணையும்விட உண்மைக்கு அருகில் நிற்கிறது.

ஓர் ஊரைப் பற்றிய கூற்றைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. இறக்குமதியால் வேலையிழந்தவர்களுக்கு உதவ 1962-இல் கென்னடி ஆட்சியில் தொடங்கிய வர்த்தக ஈடுகட்டு உதவித் திட்டத்துக்கு வந்த மனுக்களையும், அவற்றில் ஏற்கப்பட்டவற்றையும் தொழிலாளர் துறை பதிந்து வைத்திருக்கிறது. அதில் இருப்பவை குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட ஆலைகள். மனுச் செய்யாதவர்கள் அதில் இருக்கமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரியால் வேலை வந்தது என்பவரிடமும் இதையே கேளுங்கள்

2018-இல் இறக்குமதித் துணிதுவைக்கும் இயந்திரங்களின் மீது டிரம்ப் அரசு வரி விதித்தது. அதனால் உள்நாட்டில் சுமார் 1,800 வேலைகள் கூடின என்று ஓர் ஆய்வு கண்டது. அந்த எண்ணை ஆதரவாளர்கள் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதே ஆய்வு, ஒவ்வொரு வேலைக்கும் நுகர்வோர் ஆண்டுக்குச் சுமார் 8,15,000 டாலர் செலுத்தினர் என்றும் கண்டது. வரியே விதிக்கப்படாத துணி உலர்த்தும் இயந்திரங்களும் விலையேறின. இரண்டையும் இணையாக விற்பது கடைக்காரர்களின் வழக்கம்.

கடைசியாக, ஒப்பந்தத்தை ஆதரிப்பவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், மொத்தத்தில் இலாபம் என்று சொல்லி முடித்தவுடன், அந்த இலாபத்திலிருந்து நட்டப்பட்டவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். மேலே சொன்ன உதவித் திட்டத்தின் அங்கீகாரக் காலம் முடிந்து, 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்கள் எதற்கும் அங்கே சான்று வழங்கப்படவில்லை.