பழைய காரில் உறிஞ்சும் சத்தமா? கேஸ்கெட்டைப் பாருங்கள்

அம்பாசிடர், பத்மினியில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் பானெட்டுக்குள் காற்றை உறிஞ்சும் சத்தம் பலமாகக் கேட்டால், ஏர் கிளீனர் டப்பாவுக்கும் கார்புரேட்டருக்கும் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) நடுவே இருக்கும் கேஸ்கெட்டை, அதாவது இடுக்கை அடைக்கும் மெல்லிய அடைப்பை, முதலில் மாற்றுங்கள். அந்தச் சத்தத்தை அடக்குவதே டப்பாதான். கேஸ்கெட் காய்ந்து வெடித்தால் சத்தம் இடுக்கு வழியே வெளியே வரும், வடிகட்டாத தூசியும் உள்ளே போகும். கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு அந்த மணல் தூசி ரொம்பக் கெடுதல். பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஷீட்டில் பழையதை வைத்து வரைந்து வெட்டினால் போதும். சைக்கிள் டியூப் மட்டும் வேண்டாம், பெட்ரோல் பட்டு உப்பிவிடும்.

ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போதே சீறல் கேட்டு இன்ஜினும் தடுமாறினால், கார்புரேட்டருக்குக் கீழே மேனிஃபோல்டு (கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோகும் குழாய்) பக்கம் கசிவு இருக்கலாம். அதற்கு இந்த கேஸ்கெட்டை மாற்றுவது உதவாது.