கால் எலும்பு அறுவைக்குப் பின் அல்ட்ராசவுண்ட் கருவி: எப்போது, எப்படி வைப்பது

முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா எலும்பு முறிந்து, உள்ளே ராடு என்னும் உலோகக் கம்பி வைத்து வீடு திரும்பியவரிடம், முறிவின் மேல் ஒலி அலைகளை அனுப்பும் அல்ட்ராசவுண்ட் கருவியைத் தினமும் வைத்தால் எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்று யாராவது சொல்லக்கூடும். பணம் கட்டுவதற்கு முன், முறிவு புதியதா அல்லது மாதக்கணக்காகியும் கூடாமல் நிற்கிறதா என்பதை எலும்பு மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய முறிவுக்கு இக்கருவி வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. அமெரிக்காவிலும் கனடாவிலும் டிபியாவில் ராடு வைக்கப்பட்ட 501 பேரிடம் நடந்து, 2016-இல் வெளியான டிரஸ்ட் ஆய்வில், உண்மையான கருவியை வைத்தவர்களுக்கும் ஒலி வராத போலிக் கருவியை வைத்தவர்களுக்கும் எலும்பு கூடுவதிலோ நடமாட்டம் திரும்புவதிலோ வேறுபாடு தெரியவில்லை.

9 மாதமாகியும் கூடாத எலும்பின் நிலை வேறு. கை கால்களிலுள்ள நீண்ட எலும்புகளின் அத்தகைய முறிவுகளுக்கு, இவ்வகையைச் சேர்ந்த எக்ஸோஜென் என்ற கருவியைப் பயன்படுத்தலாம் என்று, சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் பரிந்துரைத்தது. இன்னோர் அறுவையைத் தவிர்க்க முடிந்தால் அது நோயாளிக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் முறிந்த முனைகள் அசைந்துகொண்டிருந்தாலோ, இடைவெளி அகலமாக இருந்தாலோ, உள்ளே சீழ் பிடித்திருந்தாலோ இதனால் பலன் எதிர்பார்க்க முடியாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டால், எக்ஸ்ரேயைப் பார்த்து முறிவுக்கு நேரான இடத்தைத் தோலில் பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள். குளித்தால் மை மங்கும் என்பதால், அழிவதற்குள் அதே புள்ளியின் மேல் மறுபடி குறித்துக்கொள்ள வேண்டும். இடம் சற்று நகர்ந்தாலும் ஒலி முறிவைத் தொடாமல் போய்விடும். பிளேட் வைத்தவர்களுக்கு, உலோகம் ஒலியை மறிக்காத பக்கத்தை மருத்துவரே காட்ட வேண்டும். மாவுக்கட்டு இருந்தால் அந்த இடத்தில் சிறு சன்னல் போல வெட்டித் தருவார்கள். கருவியில் ஒலி வெளிவரும் முனையின் முகம் முழுவதும் மூடும்படி ஜெல்லைத் தடவி, பட்டையால் தோலோடு பதிய வைத்து, காலை அசைக்காமல் 20 நிமிடம் உட்காருங்கள். நடுவில் காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாது. சூடோ வலியோ தெரியாது. அதனால் வேலை செய்யவில்லை என்று நினைத்து நேரத்தைக் கூட்ட வேண்டாம். முடிந்ததும் ஜெல்லைத் துடைத்துவிடுங்கள். ஆறாத புண்ணின் மேல் வைக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிசியோதெரபியில் வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்ட் இதுவன்று. எலும்புக்கான கருவி சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் அளவில் விட்டுவிட்டு ஒலியை அனுப்புகிறது. வலிக்கான இயந்திரத்தின் வீரியம் அதைவிடப் பல மடங்கு. ஆகவே அதை வாங்கி முறிவின் மேல் நீங்களே வைத்துப் பார்க்காதீர்கள்.

கருவி வைக்கும் காலத்திலும் புகைப்பதை அறவே நிறுத்துங்கள். எலும்பு கூடுவதைப் புகை தெளிவாகத் தாமதப்படுத்துகிறது. காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டு, சொன்ன அளவுக்கு ஊன்றுங்கள். தழும்பிலிருந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் புதிதாக வீங்கி வலித்தாலோ, அடுத்த எக்ஸ்ரே நாள் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.