பிரித்தானியாவில் சீலியாக் நோயோடு: புதிதாக வந்த தமிழர்களுக்கு

சீலியாக் என்பது, கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தைச் சாப்பிட்டால் உடலின் நோயெதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய். வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் தீராத ரத்தச்சோகை, காரணம் தெரியாத எடைக்குறைவு. இவை தொடர்ந்தால் சீலியாக் பரிசோதனை வேண்டும் என்று ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) கேளுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், கட்டணம் இல்லை.

பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் செய்வது டிடிஜி என்ற எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை. கோதுமை உள்ளே போகாவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு சாப்பிட்டிருக்க வேண்டும். மூன்று வேளையும் சோறும் இட்லியும் சாப்பிடுகிற வீடு என்றால் அதை ஜிபியிடம் சொல்லி, சப்பாத்தியோ பாணோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோய் உறுதியானால் கோதுமை, பார்லி, ரை மூன்றும் வாழ்நாள் முழுவதும் கூடாது. ஓட்ஸ் என்றால் குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்டது மட்டும். அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

சோறு சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய சிரமமில்லை என்ற எண்ணம்தான் நம்மவர்களை ஏமாற்றுகிறது. பெருங்காயத்தைப் பாருங்கள். கடையில் விற்கும் பெருங்காயத்தூள் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்தது. கட்டியாக வாங்கினால் சுத்தமாக இருக்கும் என்று நம்பவும் முடியாது, பல கட்டிகளிலும் அதே மாவுதான். சாம்பார்பொடி, ரசப்பொடி, ஊறுகாய், முறுக்கு என்று அது போகாத இடமில்லை. அரிசி மாவு கலந்து, குளூட்டன் ஃப்ரீ என்று எழுதிய டப்பா கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காதவரை பூண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இலங்கைச் சமையல். கடை இடியப்பமும் புட்டும் கோதுமை மாவிலும் செய்யப்படும். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிவப்பு இடியப்பத்திலும் கோதுமை மா கலந்திருக்கலாம். யாழ்ப்பாணத் தோசை மாவிலும் கோதுமை மா சேர்ப்பார்கள். ஆகவே கடையில் "குளூட்டன் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் போதாது. "தோசைக்குக் கோதுமை மா கலக்கிறீங்களா? சாம்பாருக்கு எந்தப் பெருங்காயம்? வடை பொரிக்கிற எண்ணெயில ரோல்ஸும் போடுறீங்களா? பரோட்டா போட்ட கல்லிலயா தோசை?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சட்டம் பட்டியலிடும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் (குளூட்டன் உள்ள தானியங்களும் அதில் உண்டு) எவை உணவில் சேர்ந்திருக்கின்றன என்று சொல்வது உணவகத்தின் சட்டக் கடமை. கல்லும் எண்ணெயும் பற்றி நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

பொதி உணவில் வேலை எளிது. சேர்மானப் பட்டியலில் வீட் (கோதுமை), பார்லி, ரை, ஓட்ஸ் ஆகிய சொற்கள் தடித்த எழுத்து போன்ற முறையில் தனித்துத் தெரிய வேண்டும். ஹோர்லிக்ஸ் போன்ற மால்ட் (முளைகட்டிய பார்லி) பானங்களும் சாதாரண சோயா சாஸும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். குளூட்டன் ஃப்ரீ என்று எழுதினால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. கேழ்வரகு, கம்பு, கடலை மாவு இயல்பில் குளூட்டன் இல்லாதவை. ஆனால் கோதுமை அரைத்த ஆலையிலேயே அரைபட்டு, 'மே கன்டெய்ன் வீட்' (கோதுமை இருக்கலாம்) என்று வருகிற பைகள் நிறைய, அவற்றை விடுங்கள். உளுந்து, பருப்பைத் தட்டில் பரப்பிப் பாருங்கள், இடையில் கோதுமை மணி கிடக்கலாம். பொறுக்கிவிட்டுக் கழுவுங்கள்.

வீட்டில் தனியாக வைக்க வேண்டியவை: டோஸ்டர், சப்பாத்திக் கட்டையும் பலகையும், மாச்சல்லடை, இடியப்ப உரல், இரும்புத் தோசைக்கல். மற்றவர்களுக்குச் சப்பாத்தி போடும் நாளில் நோயாளியின் சாப்பாட்டை முதலில் சமைத்து மூடிவிடுங்கள், மாவு பறந்து விழும்.

குளூட்டன் இல்லாத பாணும் மாவும் மருந்துச்சீட்டில் கிடைக்குமா என்பது இங்கிலாந்தில் இடத்துக்கு இடம் மாறும், ஜிபியிடம் விசாரியுங்கள். கத்தோலிக்கர்கள் நற்கருணைக்குக் குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லலாம். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்க வாய்ப்புண்டு. ஒருவருக்கு உறுதியானதும் மற்றவர்களும், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.